கேப்பைக்குப் போட்ட மழைக்கோட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் கொல்லையில் வைத்த தென்னங்கன்று வளர்ந்து, காய்த்து, இடி விழுந்து பட்டும் போய்விட்டது. பேனாவை எடுப்பேன். எங்கள் போஸ்ட் மாஸ்டர் முகம் ஞாபகத்துக்கு வரும். மூடி வைத்துவிடுவேன். அவரை நினைத்து யாரும் சிரித்துவிடக் கூடாதே என்பதுதான் தயக்கம். இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவன், விபூதி இல்லாமல் வாசல்படி தாண்டாதவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. யுத்த காலத்தில் பெர்மிட் இல்லாத தானியத்தைச் சைக்கிளில் கொண்டுபோனவன் என்று அதன் பக்கத்தில் யாராவது எழுதிவிட்டால்?

இப்போது எழுத இரண்டு காரணம் வந்தது. எங்கள் பழைய ஆபீசில் இன்றைக்கு வேலை பார்க்கிற பிள்ளைகள் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்கள். ஐப்பசி பிறந்ததும் என் வீட்டு வாசலில் வந்து நின்று, “பெரியவரே, கொட்டுற மழையில ஸ்கூட்டர் ஓட்டணும். எந்தக் கோட்டு வாங்கலாம், சொல்லுங்க” என்றார்கள். மழைக்கோட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஜில்லாவில் யாருக்கும் தெரியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான்.

இரண்டாவது, அறந்தாங்கியில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர், நான் யாரென்று தெரியாமலே, என் கதையை என்னிடமே சொன்னார். அவர் கதையில் மூட்டைக்குப் பெயர் இருந்தது, மீசை இருந்தது, அது இருமவும் செய்தது. இன்னொரு மூட்டை என் மனைவியாம். என் மனைவி எதிர்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: “நான் மூட்டையாம். ஒங்களுக்கு வாயில்லையா, மறுத்துச் சொல்ல?”

ஆகவே மறுத்துச் சொல்கிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. திருமயத்துக்குத் தெற்கே, செட்டிநாட்டு ஊர்களை ஒட்டிய ஒரு தபால் ஆபீசில் தந்தி பியூனாகச் சேர்ந்தேன். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். வேலை பழகியது என்றால் இரண்டே விஷயம்தான். சைக்கிள் விடப் பழகினேன். ஒரு வீட்டு வாசலில் நின்று, வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதபடி, “சேதி வந்திருக்குங்க” என்று மெதுவாகச் சொல்லப் பழகினேன். இரண்டும் ஒரே மழைக்காலத்தில் வந்துவிட்டன. என்னோடு இன்னொரு பியூன் ஆரோக்கியம். வயதில் எனக்கு இளையவன், மாதா பக்தன், வாய் ஓயாதவன்.

எங்கள் மேலதிகாரி போஸ்ட் மாஸ்டர் தாமோதரம். ஒல்லி உடம்பு, தொங்கு மீசை. தந்திக் கம்பியிலேயே பழகிய மனிதர் என்பதால் வாய்ப்பேச்சையும் தந்தி போலத்தான் நடத்துவார். எது சொன்னாலும், “திருப்பிச் சொல்லுங்க ஐயா” என்பார். நாம் திருப்பிச் சொல்லி, அது சரியாக இருந்தால்தான் கண்ணை மூடித் திறப்பார். எல்லோரையும் ஐயா என்பார். எங்களையும், பால்காரரையும், ஆபீஸ் படியில் படுத்திருக்கும் நாயையும்கூட. “கொஞ்சம் நகருங்க ஐயா” என்று அவர் அந்த நாயிடம் சொல்லி, அது நகர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். சொந்தக் கடிதத்துக்கு ஆபீஸ் குண்டூசியைக் குத்த மாட்டார். அதற்கென்று வேலமுள் ஒடித்து ஒரு கொட்டாங்கச்சியில் வைத்திருந்தார்.

மழைக்கோட்டுப் பேச்சு எப்படி வந்தது என்றால், ஒரு மழை நாளில் நான் கொண்டுபோன தந்தியால் வந்தது. தோல் பைக்குள் தந்தி நனையவில்லை. நான் நனைந்திருந்தேன். வீட்டுக்காரர் பிரித்ததும் வாசித்துச் சொல்ல எட்டிக் குனிந்தேன், அப்போது என் தலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அந்தக் காலத்தில் தந்தியைக் காப்பியிங் பென்சிலால் எழுதுவோம். தண்ணீர் பட்டால் எழுத்து ஊதாப் பூவாகப் பூத்துவிடும். பூத்தது ‘நாட்’, அதாவது இல்லை என்கிற ஒரே ஒரு இங்கிலீஷ் சொல். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை என்பது வருகிறார்கள் என்று ஆயிற்று. பெண் வீட்டார் ஊரையே கூட்டிச் சமைத்துவிட்டார்கள். வராத மாப்பிள்ளைக்காகச் சமைத்ததைச் சாப்பிட என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. ஆரோக்கியம் போனான்.

மூன்றாம் நாள் மாஸ்டர், “பை நனையலைன்னாப் போதாது ஐயா. ஆள் நனையக் கூடாது” என்றார். அன்றைக்கே மழைப் பரீட்சை ஆரம்பமாயிற்று.

பரீட்சைக்கு உடுப்பு மூன்று. ஒன்று, ரங்கூனிலிருந்து திரும்பிய மைத்துனர் மாஸ்டருக்குக் கொடுத்த ரப்பர் கோட்டு, தலைமூடியோடு. இரண்டு, சிவப்பு ரோஜாப்பூ அச்சிட்ட மெழுகுத்துணி. மாஸ்டர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தது. மூன்று, நம் ஊரில் வயல் வேலைக்காரர் எல்லோரும் போட்டுக்கொள்கிற கொங்காணி. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொள்வது.

ஆபீஸ் பின்கட்டில், நல்ல வெயிலில், சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினோம். நான் ஏறி உட்கார்ந்து மிதிக்க வேண்டும். ஆரோக்கியம் ஏணி மேல் நின்று பூவாளியால் ஊற்ற வேண்டும். என் கழுத்து, நெஞ்சு, மடி, முழங்கால் நான்கிலும் மாஸ்டர் மை ஒற்றும் தாளை வெட்டி வைப்பார். அவர் சொந்தக் காசில் வாங்கிய ரோஸ் நிறத் தாள். ஊற்றி முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

ரப்பர் கோட்டு நின்றுகொண்டிருந்தால் பாஸ், உட்கார்ந்தால் பெயில். அது நடக்கிறவனுக்குத் தைத்தது. சைக்கிளில் உட்கார்ந்து மிதித்தால் முன்பக்கம் பிளந்து முழங்கால் இரண்டும் வெளியே வந்துவிடும். நெஞ்சில் விழுந்த தண்ணீரெல்லாம் வழிந்து மடியில் குளம் கட்டி, பொத்தானுக்கு நடுவே உள்ளே இறங்கும். அது மட்டுமில்லை. தண்ணீர் படாத கழுத்துத் தாளும் நனைந்திருந்தது. மாஸ்டர் அதை நெடுநேரம் பார்த்தார்.

“இது மேல ஊத்துன தண்ணியா, ஒங்க தண்ணியா ஐயா?”

“தெரியலைங்களே.”

அவர் அந்தத் தாளை நாக்கு நுனியில் வைத்தார். “கரிக்குது. ஒங்க தண்ணிதான்” என்றார். ரப்பருக்குள் காற்று இல்லை, ஆள் வெந்து வேர்க்கிறான் என்று அப்படித்தான் தெரிந்தது.

மெழுகுத்துணி தண்ணீரை அண்டவிடவில்லை. ஆனால் காற்றுக்கு என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமே. ஆரோக்கியம் முறத்தால் வீசினான். ரோஜாப்பூவெல்லாம் எழும்பி என் முகத்தில் அப்பிக்கொண்டது. கண் தெரியாமல் மிதித்துக்கொண்டே இருந்தேன். கொங்காணி ஊறியதும் கன்றுக்குட்டியைத் தலையில் சுமப்பது போல் கனத்தது. ஆனாலும் மூச்சு விட முடிந்தது.

இதையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தெருப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் அந்த ஒரு நாள் மழையோடு சரி, ஐப்பசி மழை பிந்திப்போய் ஜனங்கள் ஏங்கிக் கிடந்தார்கள். வெயிலில் ஒருத்தனை உட்காரவைத்து, துணியைப் போர்த்தி, உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் தாளை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடிக்கிறார். ஒரு பெண் கேட்டாள்:

“என்ன மாஸ்டர், மழைக்கா?”

“ஆமாம்மா, மழைக்குத்தான்” என்றார் மாஸ்டர், உள்ளதை உள்ளபடி.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. விடவே இல்லை. முதல் நாள் தேங்காய் பழத்தோடு வந்து மாஸ்டரைக் கும்பிட்டார்கள். நான்காம் நாள் அதே பெண்கள் நனைந்த தலையோடு வந்து, “போதும்னு சொல்லிருங்க மாஸ்டர், செவரு இடியுது” என்றார்கள்.

அந்த மழையில்தான் ஒரு பட்டாளத்துக்காரர் எங்கள் ரஸ்தாவில் சைக்கிளில் போனார். கழுத்திலிருந்து குடை போல் விரிந்து, முன்னே ஹாண்டில்பாரையும் மூடி, முழங்காலையும் மூடி, கீழே காற்றுக்குத் திறந்திருக்கும் ஒரு துணி போட்டிருந்தார். மாஸ்டர் வாசலுக்கே ஓடினார். “இதுதான் ஐயா. இதுதான் வேணும். இதுக்குப் பேரு கேப்.”

எங்கள் இலாகா சாமான் கிடங்கு புதுக்கோட்டையில் இருந்தது. அதை ஸ்டோர் என்போம். அவசரத்துக்கு வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு, பிறகு காகிதம் அனுப்புவது வழக்கம். புதுக்கோட்டைக்குப் போகிற கரி பஸ் வந்து நின்றது. பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் அடுப்பு வைத்துக் கரி போட்டு ஓடும் பஸ். கண்டக்டர் முத்துக்கருப்பன் நல்ல மனிதர், யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர். மாஸ்டர் அவரிடம் சொன்னார்:

“ஸ்டோர்ல சொல்லணும். மரியாதையாச் சொல்லணும். கேப், ஐயா, ரெண்டு. திருப்பிச் சொல்லுங்க ஐயா.”

“கேப்பையா ரெண்டு.”

“இன்னொரு தரம்.”

“கேப்பையா ரெண்டு. அவசரங்களா?”

“அவசரம்தான். நம்ம ஆளுக பாவம், ரொம்பக் கஷ்டப்படுறாங்க.”

மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. புதுக்கோட்டையிலிருந்து வந்த பஸ் ஆபீஸ் முன்னால் நின்றது. முத்துக்கருப்பன் பஸ் மேலேறி, தார்ப்பாயை விலக்கி, இரண்டு மூட்டையை இறக்கி, எங்கள் தாழ்வாரத்தில் வைத்தார். அரை மூட்டைதான். ஒவ்வொன்றும் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த உசரம் இருந்தது.

“மாஸ்டர், கேப்பையா ரெண்டும் வந்துருச்சு.”

“இவ்வளவு பெரிசாவா?” என்று மாஸ்டர் ஆசையோடு மூட்டை வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். கையை எடுத்தார். விரலிடுக்கில் சிவப்பாகச் சிறு மணிகள் உதிர்ந்தன.

“இது என்ன ஐயா?”

“கேப்பைங்க.”

“எது?”

“நீங்க கேட்ட கேப்பைதாங்க ஐயா.”

கேழ்வரகை எங்கள் பக்கம் கேப்பை என்றுதான் சொல்வோம். மாஸ்டர் மேஜையில் விரலால் தந்தி அடிப்பது போல் தட்டிக்கொண்டே, “கேப்… ஐயா” என்றார். பிறகு சேர்த்து, “கேப்பையா” என்றார். முகம் வெளுத்துவிட்டது. திருப்பிச் சொல்லச் சொன்னார். கண்டக்டரும் சரியாகத்தான் திருப்பிச் சொன்னார். இரண்டு தடவை.

முத்துக்கருப்பன் மேல் குற்றம் இல்லை. யுத்த காலத்தில் ஸ்டோர் என்றால் ஜனங்களுக்கு ஒன்றுதான் ஞாபகம் வரும், அளவுத் தானியம் போடுகிற ரேஷன் ஸ்டோர். அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார். “ஸ்டோர்க்காரர் கொஞ்சம் முனகினாரு மாஸ்டர். நாளைக்குக் காலையில ஜனத்துக்குக் கேப்பை போடுறாங்களாம். இதை எடுத்துட்டா வரிசையில கடைசியில நிக்கிறவுகளுக்குப் பத்தாதாம். ஆளுக பட்டினியாக் கெடக்குறாகன்னு நான்தான் கூடச் சேத்துச் சொன்னேன். ஒங்க பேரச் சொன்னதும் குடுத்துட்டாரு.”

“கூடச் சேத்தா சொன்னீங்க ஐயா?” என்று மட்டும் மாஸ்டர் கேட்டார். பஸ் தெற்கே போய்விட்டது. அங்கிட்டு ஆற்றில் வெள்ளம் ஏறி, அது இன்னும் சில நாள் திரும்பாது என்று மத்தியானத்துக்குள் சேதி வந்தது.

பெர்மிட் இல்லாமல் தானியத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது அன்றைக்குச் சாதாரணக் குற்றமில்லை. ஒளித்து வைத்தாலும் குற்றம், நகர்த்தினாலும் குற்றம். குண்டூசிக்குப் பதில் வேலமுள் குத்துகிற மனிதரின் தாழ்வாரத்தில் இரண்டு மூட்டை இருக்கிறது. அவர் குடையை எடுத்தார்.

“நான் போய் சப்ளை ஆபீசர்கிட்ட ஒப்புக்கிறேன்.”

“என்னன்னுங்க ஒப்புவீங்க?” என்றான் ஆரோக்கியம். “கேப்பு கேட்டேன், கேப்பை வந்துச்சுன்னா? பிடிச்சு உள்ளயும் போடுவாங்க, சிரிக்கவும் செய்வாங்க.”

“போடட்டும் ஐயா. சிரிக்கட்டும் ஐயா. நாளைக்குக் கடைசியில ஒரு பொம்பளை நின்னுக்கிட்டிருப்பா. அவ வெறும் முந்தானையோட திரும்பிப் போகணுமே. அதுக்கு என்ன ஐயா செய்யுறது?”

நான் விபூதிப் பையைத் தொட்டுக்கொண்டு, “சைக்கிள்ல நாங்க கொண்டுபோயிர்றோம்ங்க” என்றேன். வாய் சொல்லிவிட்டது. கால் அதற்கப்புறம்தான் பயந்தது.

மழையோ கொட்டுகிறது. கேப்பை நனைந்தால் முளை விட்டுவிடும், யாருக்கும் ஆகாது. அப்போதுதான் மாஸ்டர் நிமிர்ந்தார். பரீட்சை முடிவெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

“ரப்பர் கோட்டுக்கு என்ன குறை சொன்னோம் ஐயா?”

“முழங்கால் நனையுதுன்னு.”

“மூட்டைக்கு முழங்கால் இருக்கா?”

“இல்லைங்க.”

“மூட்டை வேர்க்குமா?”

“வேர்க்காதுங்க.”

“அப்ப அது பாஸ் ஐயா.”

முதல் மூட்டையை என் சைக்கிள் காரியரில் நிறுத்தி வைத்துக் கட்டி, ரப்பர் கோட்டைப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டி, தலைமூடியை இழுத்துவிட்டோம். இரண்டாவதை ஆரோக்கியம் சைக்கிளில் ஏற்றி, ரோஜாப்பூ மெழுகுத்துணியைச் சுற்றி, காற்றில் எழும்பாமல் இடுப்பில் கயிறு கட்டினோம். மாஸ்டர் இரண்டுக்கு உள்ளேயும் ஒரு ரோஸ் தாளை வைத்து, வேலமுள்ளால் குத்தினார். “போய்ச் சேந்ததும் எடுத்துப் பாருங்க. எனக்குக் கொண்டாந்து காட்டணும்” என்றார். நாங்கள் இருவரும் கொங்காணியைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினோம். திரும்பிப் பார்த்தேன். மூட்டை இரண்டும், மழைக்குப் பயந்த அசல் புருஷனும் பெஞ்சாதியும் போல உட்கார்ந்திருந்தன.

திருமயம் கோட்டை மழையில் தெரியவே இல்லை. எதிர்க்காற்றில் மிதிக்க மிதிக்க சைக்கிள் அப்படியே நின்றது. நான் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். அதைக் கேட்டுவிட்டான் ஆரோக்கியம்.

“அண்ணே, காணாமப் போன சாமானுக்குத்தானே அங்க வெல்லம் வைப்பாங்க? இது காணாமப் போகலையே. வேணாத சாமான்தானே வந்து ஒக்காந்துருக்கு.”

“மாஸ்டர் பேரு காணாமப் போயிரக் கூடாதுன்னு வேண்டிக்கிறேன். மிதிடா.”

“அப்ப நானும் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி போட்டுர்றேன். ரெண்டு பேரும் பேசிவச்சுக் காத்தையாவது நிப்பாட்டட்டும்.”

காற்று நிற்கவில்லை. புதுக்கோட்டைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு சோதனைச் சாவடி. தானியம் போகிறதா என்று பார்க்க ஒரு காவல்காரர் இருப்பார். பட்டாளத்தில் இருந்து காலில் அடிபட்டுத் திரும்பியவர், குரல் கடப்பாறை போல இருக்கும். மழைக்கு உள்ளே இருப்பார் என்று நம்பினோம். அவர் கட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“நில்லு. பின்னால என்ன?”

எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. சொன்னாலும் வராது. முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஜெயிலுக்குப் போகத் துணிந்து, உண்மையைச் சொன்னேன்.

“கேப்பைய்யா.”

“கேப்புன்னு தெரியுதுல்ல. பட்டாளத்துல இருந்தவனுக்கே சொல்லித் தாரியா?” அவர் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். “நல்ல ரப்பர். அந்தப் பூப்போட்டது?”

“அதுவும் கேப்பைய்யா.”

“உள்ள?”

“உள்ளயும் கேப்பைய்யா.”

“கேப்புக்குள்ள கேப்பா? அதான் ஒரு சொட்டு எறங்கல.” தலைமூடியைக் குனிந்து பார்க்கப் போனார். என் உயிர் அந்தப் பொத்தானில் நின்றது. “ஏன் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசமாட்டேங்கிறாங்க? சொகமில்லையா?”

ஆரோக்கியமும் உண்மையைத்தான் சொன்னான்: “நனையக் கூடாதுங்க. நனைஞ்சா அப்புறம் ஒண்ணுக்கும் ஆகாதுங்க.”

காவல்காரர் முகம் மாறிவிட்டது. “அட பாவமே. இரு, இரு” என்று உள்ளே நொண்டிக்கொண்டு ஓடினார். ஒரு லோட்டா நிறையச் சுக்குக் காப்பி கொண்டுவந்து, தலைமூடிக்குக் கிட்டே நீட்டினார். “பெரியவரே, ஒரு வாய் குடிங்க. நெஞ்சுக்கு எதமா இருக்கும்.”

பெரியவர் அசையவில்லை.

“அவங்க குடிக்க மாட்டாங்கய்யா” என்றேன்.

“ரொம்பத்தான் முத்திப்போச்சு போல. நீயாச்சும் குடி, மிதிக்கணும்ல.”

குடித்தேன். ஆயுளில் அப்படி ஒரு சுக்குக் காப்பி குடித்ததில்லை. பாதியை ஆரோக்கியத்துக்குக் கொடுத்தேன். காவல்காரர் கட்டையைத் தூக்கிவிட்டு, “நிக்காதீங்க, விரசாப் போங்க. அந்த அம்மாவுக்குக் கயிறு ரொம்ப இறுக்கமாக் கட்டியிருக்கீங்க, கொஞ்சம் தளத்தி விடுங்கப்பா” என்றார். அவர் கண்ணுக்கு எட்டாத தூரம் போனதும் ஆரோக்கியம் சிரித்த சிரிப்பில் சைக்கிள் பள்ளத்தில் இறங்கப் பார்த்தது.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு ஸ்டோரில் சேர்ந்தோம். ஸ்டோர்க்காரர் கோட்டைக் கழற்றி மூட்டையைத் தடவினார். “மூட்டை காஞ்சு கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் ஊறப்போட்ட உளுந்து மாதிரி இருக்கீங்களேப்பா” என்றார். விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “அந்த மனுசன் இத்தனை வருசத்துல வாயத் தெறந்து ஒண்ணு கேட்டதில்லை. அதான் கேட்டதும் குடுத்துட்டேன்” என்றார். இரவு அங்கேயே சாக்கு அடுக்கின் மேல் படுத்தோம். வெள்ளிக்கிழமை காலையில் ஜனம் வரிசை கட்டியது. நாங்கள் கடைசிவரை நின்று பார்த்தோம். கடைசியில் நின்ற பெண் முந்தானையில் கேப்பையை வாங்கி முடிந்து, அதன் மேல் கையை வைத்து மழைக்கு மறைத்துக்கொண்டு போனாள். அவளிடம் கேப்பும் இல்லை, கோட்டும் இல்லை.

திரும்பும்போது சாவடியில் அதே காவல்காரர். காரியர் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

“எங்கப்பா அவங்க ரெண்டு பேரும்?”

“சேர வேண்டிய எடத்துல போய்ச் சேந்துட்டாங்கய்யா” என்றேன், உள்ளதை உள்ளபடி.

அவர் மழையில் தொப்பியைக் கழற்றிவிட்டார். “ரெண்டு பேருமா?”

“ரெண்டும்தாங்க.”

“ஒண்ணாவே போயிருக்காங்க. குடுத்து வச்சவங்க” என்றார். ஆரோக்கியம் பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டான். அதற்கப்புறம் நான் எப்படி விளக்குவது?

அவரிடம் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். சொல்லப்போனால் நான் சொன்னது எல்லாமே உண்மைதான்.

மாஸ்டர் ஆபீஸ் படியில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இல்லாத நேரத்தில் வந்த தந்தியை, கோட்டில்லாமல், குடையைத் தந்திப் பைக்குப் பிடித்துக்கொண்டு, நடந்தே போய்க் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறார். மீசை நுனி இரண்டிலும் தண்ணீர் சொட்டியது. பல் கிட்டிப்போய்,

“கடைசி ஆளுக்கு?” என்றார்.

“கெடைச்சுதுங்க. கண்ணால பாத்தோம்.”

“நனைஞ்சதா ஐயா?”

நான் கோட்டுக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்த ரோஸ் தாளை எடுத்து நீட்டினேன். அப்பளம் போல் காய்ந்திருந்தது. முள் குத்திய ஓட்டைகூடத் தெரிந்தது. மாஸ்டர் இரண்டு கையாலும் வாங்கினார். அவர் விரல் பட்ட இடத்திலிருந்து ஈரம் பரவி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாள் முழுதும் ஊறித் தொங்கிவிட்டது.

“இப்ப நனைஞ்சிருச்சு ஐயா” என்றார். அப்புறம் சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். படுத்திருந்த நாய் தானாகவே நகர்ந்து இடம் கொடுத்தது.

பிறகு காகிதம் எழுதிக் கேட்ட கேப் இரண்டும் பங்குனி வெயிலில் வந்து சேர்ந்தன. மாஸ்டர் அதற்கும் பூவாளிப் பரீட்சை வைத்தார். சுவரோரம் வந்து எட்டிப் பார்த்த பெண்கள், “வேணாம் மாஸ்டர், நெல்லு காயுது” என்று கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிட்டார்கள்.

ஸ்கூட்டர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கடையில் நின்றுகொண்டு போட்டுப் பார்க்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். மடியில் குளம் கட்டுமா என்று பாருங்கள். உங்கள் அளவுக்கு ஒரு சுற்றுப் பெரிசாகவே வாங்குங்கள், காற்று வேண்டும். கால்சட்டையும் சேர்ந்தது வாங்குங்கள். ஸ்கூட்டர் வேகத்துக்குக் கேப் பறந்து முகத்தில் அப்பும். நான் ரோஜாப்பூவுக்குள் இருந்தவன், எனக்குத் தெரியும். யாருக்காவது ஏதாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் தலையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தக் கதையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் மூட்டைக்கு மீசை வைக்காதீர்கள். கேப்பையா என்று பெயரிட்டு அதை ஒரு ஆளாக்காதீர்கள். அது இருமவில்லை. என் மனைவி அன்றைக்கு வீட்டில்தான் இருந்தாள், அவளுக்கும் மூட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது கேப்பை, கேப்பையாகவே இருக்கட்டும். வாயால் சொல்ல வேண்டாம், இந்தத் தாளையே படித்துக் காட்டுங்கள். கேட்டவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, சரியாக இருக்கிறது என்று நம்பிவிடவும் வேண்டாம். மாஸ்டரும் அப்படித்தான் கண்ணை மூடித் திறந்தார்.